பாடற்சொல்லும் கருவி அடுக்குகளும்: தமிழ்த் திரையிசைப் பதிவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பாடலின் ஒலிப்பதிவில் எத்தனை கருவி அடுக்குகள் அமையலாம் என்பதை, ஒவ்வோர் அடுக்கும் ஏற்கும் பணியையும் பாடற்சொல்லின் தெளிவையும் அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருவி அடுக்கு, ஒலிப்பதிவு, திரையிசை, இடையிசை, சிலப்பதிகாரம், தெருக்கூத்து.

அடுக்கு என்பது

ஒலிப்பதிவில் ஒரு பணியைச் செய்யும் கருவியோ கருவித் தொகுதியோ ஓர் அடுக்கு எனப்படும். இருபது வயலின்கள் ஒரே மெட்டை ஒருசேர இசைப்பின் அவை ஓர் அடுக்கே. வீணை ஒன்றாயினும், அதன் நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் இரண்டு பணிகளை ஏற்பதால் ஈரடுக்காகக் கொள்ளத்தக்கது. கருவிகளை எண்ணுவதும் அடுக்குகளை எண்ணுவதும் வெவ்வேறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

மரபில் அடுக்கமைவு

சிலப்பதிகார அரங்கேற்று காதை இதற்குப் பழஞ்சான்று. குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் அடியொற்ற, முழவோடு ஆமந்திரிகை கூடுவதாக இளங்கோவடிகள் நிரல்படுத்துகிறார். ஆமந்திரிகையை இடக்கை என்பர் உரையாசிரியர். பண்ணுக்கு இரண்டு, தாளத்திற்கு மூன்று என ஐந்து கருவிகள். அவற்றுள் எது எதைப் பின்பற்றுவது என்னும் முறையும் உடன் கூறப்படுகிறது. எண்ணிக்கையைவிட இம்முறையே இங்குக் கருதத்தக்கது.

விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சி அடங்கிய கடலூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த விழுப்புரம் வட்டாரத்திலும் நிகழும் தெருக்கூத்து மேலும் சிக்கனமானது. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம் ஆகியன அதன் அடிப்படைக் கருவிகள். முகவீணையின் கூரிய உச்ச ஒலியும் மத்தளத்தின் தாழ்ந்த ஒலியும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. நடுவே உள்ள இடம் பாடுவோருக்கும் பின்பாட்டுக்கும் உரியது. திறந்தவெளியில் கதையின் சொல் கேட்டாக வேண்டும் என்னும் தேவை இவ்வமைப்புக்குப் பெரிதும் பொருந்தி நிற்கிறது.

செவியின் எல்லை

ஒத்த ஒலிநிறமுடைய குரல்கள் பல ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது, மூன்றைக் கடந்தவுடன் அவற்றின் எண்ணிக்கையைக் கணிப்பதில் கேட்போர் பெரிதும் தவறுகின்றனர் என்பதை டேவிட் ஹூரான் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற இசைவாணர்களும் இதற்கு விலக்கல்லர். கருவிகளைப் பெருக்கினால் ஒலி அதே விகிதத்தில் உயர்வதுமில்லை. ஒரு வயலின் இரண்டானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். பத்தானால் 10 டெசிபல், அதாவது செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு. பெருங்குழுவால் கிடைப்பது பெரும்பாலும் ஒலியின் செறிவே.

சொல் மறைதல் இதனினும் முதன்மையான சிக்கல். வல்லெழுத்துகளை வேறுபடுத்தும் ஒலிக்கூறுகளில் கணிசமானவை ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் அமைகின்றன. வயலின் தொகுதியின் மேலொலிகளும் நாகசுரத்தின் மேலொலிகளும் அப்பரப்பையே நிரப்புகின்றன. பல்லவி, சரணங்களில் அடுக்குகளைக் குறைத்து இடையிசையில் பெருக்கும் திரையிசை வழக்கத்திற்கு இதுவே வலுவான காரணம். கவிஞரின் சொல் நிற்பதும் கரைவதும் இங்கேதான் முடிவாகிறது.

முடிவெடுக்கும் இடம்

ஒற்றைத் தடப் பதிவுக் காலத்தில் பாடகரும் குழுவினரும் ஒருங்கே இசைத்தனர். ஒலிவாங்கியிலிருந்து யார் எவ்வளவு தொலைவில் அமர்வது என்பதே சமன் செய்யும் வழி. பதிந்தபின் எந்த அடுக்கையும் தனியே நீக்க இயலாது. ‘அன்னக்கிளி’ (1976) வழி அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைப் பதிவுக்கு முன்னரே குறியீட்டில் எழுதும் முறைக்குப் பெயர்பெற்றவர். அவரிடம் அடுக்குகளின் அளவு தாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் கூடமும் ‘ரோஜா’ (1992) படப் பாடல்களும் வேறொரு முறையை நிலைநிறுத்தின. அடுக்குகள் தனித்தனியே சேர்க்கப்பட்டன. தேவையற்றவை கலவையின்போது நீக்கப்பட்டன. முடிவு எழுதுமிடத்திலிருந்து கலக்குமிடத்திற்குப் பெயர்ந்தது.

இன்றைய கணினி நூற்றுக்கணக்கான தடங்களைத் தடையின்றி ஏற்கும். (போதும் என்று அது ஒருபோதும் சொல்வதில்லை.) ஆகவே கட்டுப்பாடு இசையமைப்பவரிடமே உள்ளது. ஓர் அடுக்கை ஒலியடக்கிக் கேட்பது எளிய சோதனை: இழப்பு உணரப்படாவிடில் அது மிகை, அடக்கியபின் சொல் தெளிவாயின் அது தடை.

‘திருடா திருடா’ (1993) படத்தின் ‘ராசாத்தி’ பாடல் இச்சோதனையின் எல்லைக்கோடு. அதில் கருவிகள் அனைத்தும் விலக்கப்பட்டு, சாகுல் ஹமீதின் குரலுக்குக் குழுவினரின் குரல்களே துணை செய்கின்றன. கருவி இல்லாதபோதும் அடுக்குகள் உள்ளன. அவற்றின் நடுவே சாகுல் ஹமீது பாடும் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கின்றன.