ஞாயிறு ஷிஃப்ட்டுக்கு ‘நோ’ சொன்ன தபால்காரர்: விசுவாசத்தோடு வேலை பார்த்தால் அதற்கான விலையை யார் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் ஆர்டர் போட்ட பார்சல் வாசலுக்கு வந்து பெல் அடிக்கிறது. உங்களுக்கு அது லீவு நாள். கொண்டுவந்தவருக்கு வேலை நாள். அந்த நாள் ஓய்வுக்கும் ஆராதனைக்கும் மட்டுமே உரியது என்பது அவருடைய நம்பிக்கையாக இருந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2023 ஜூன் 29 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பு சொன்னார்கள். அதே நாளில்தான் கல்லூரி அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்ற வழக்கில் அதே நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அப்படிப்பட்ட நீதிமன்றத்தை ஒரு தபால்காரரின் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுசேர்த்திருக்கிறது.

சட்டத்தைத் தாண்டி, வேலைக்குப் போகும் எல்லோருக்கும் அந்த வழக்கில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் தன் விசுவாசப்படி வேலை செய்ய விரும்பினால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது அவரா, பக்கத்து சீட்காரரா, நிறுவனமா?

என்ன நடந்தது?

ஜெரால்ட் கிராஃப், பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். 2012-ல் அமெரிக்கத் தபால் துறையில், நிரந்தரத் தபால்காரர்களுக்கு உதவியாகச் செல்லும் வேலையில் சேர்ந்தார். அப்போது அந்த வேலையில் பொதுவாக ஞாயிறு டூட்டி கிடையாது. 2013-ல் தபால் துறை அமேசானுடன் ஒப்பந்தம் போட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பார்சல் போக ஆரம்பித்தது.

ஞாயிறு வேலையைத் தவிர்ப்பதற்காகவே கிராஃப், ஹோல்ட்வுட் என்ற சிறிய ஊரின் அஞ்சலகத்துக்கு மாற்றல் வாங்கிப் போனார். அங்கே மொத்தமே ஏழு ஊழியர்கள். 2017-ல் அமேசான் பார்சல் அங்கேயும் வந்துவிட்டது.

கிராஃப் ஞாயிறு டூட்டிக்கு வரவில்லை. அவருடைய பங்கு வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. வழக்கமாக டெலிவரிக்கே போகாத போஸ்ட்மாஸ்டர்கூட பார்சலோடு கிளம்ப வேண்டிவந்தது. கிராஃப் மீது அடுத்தடுத்து ஒழுங்கு நடவடிக்கைகள். 2019 ஜனவரியில் அவர் ராஜினாமா செய்துவிட்டு, வழக்குப் போட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டம், மத அடிப்படையில் ஊழியரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1972-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ஊழியரின் மதக் கடைப்பிடிப்புகளுக்கு நிறுவனம் இடம் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு ‘மிகையான சிரமம்’ என்றால் மட்டும் மறுக்கலாம்.

சரி, எது மிகையான சிரமம்? 1977-ல் டிடபிள்யூஏ விமான நிறுவன ஊழியர் ஹார்டிசனின் வழக்கு வந்தது. அவர் சார்ந்த சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். நிறுவனத்துக்கு மிகச் சிறிய செலவு வந்தாலே அது மிகையான சிரமம்தான் என்ற அர்த்தத்தில் அந்தத் தீர்ப்பு பல பத்தாண்டுகள் படிக்கப்பட்டது. நிறுவனங்கள் ‘முடியாது’ என்று சொல்வது ரொம்பச் சுலபமாகிப்போனது.

2023 தீர்ப்பு அந்த அளவுகோலைக் கடுமையாக்கியது. தொழிலின் தன்மையைப் பொறுத்து, கணிசமான கூடுதல் செலவோ சுமையோ வரும் என்று நிறுவனம் காட்ட வேண்டும். சக ஊழியருக்கு அந்த மதம் பிடிக்கவில்லை, சலுகை கொடுப்பதே பிடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. மற்றவர்களை ஓவர்டைம் பார்க்க வைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டும் ஒதுங்க முடியாது. விருப்பப்பட்டவர்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது போன்ற வழிகளையும் பார்த்தாக வேண்டும்.

கிராஃப் ஜெயித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. புதிய அளவுகோலின்படி மறுபடி விசாரிக்கும்படி வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது. ஆனால் அந்த அளவுகோல் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் கேட்கும் முஸ்லிமுக்கும் சனிக்கிழமை ஓய்வு கேட்கும் யூதருக்கும் அதே பாதுகாப்புதான்.

ஒரே தீர்ப்பு, நான்கு பேர்

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. 2013 ஜனவரி 15 அன்று, நான்கு பிரிட்டிஷ் கிறிஸ்தவர்களின் வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒரே தீர்ப்பாகச் சொன்னது. ஜெயித்தவர் ஒருவர்தான்.

அவர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் நாடியா எவெய்டா. கழுத்தில் சிறிய சிலுவை வெளியே தெரிய வேலை செய்ய விரும்பினார். சீருடை விதி தடுத்தது. அந்தச் சிலுவையால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்பதால் அவர் பக்கம் தீர்ப்பு போனது.

இன்னொருவரும் சிலுவைக்காகத்தான் போராடினார். ஆனால் அவர் செவிலியர். கழுத்துச் சங்கிலியை நோயாளி பிடித்து இழுக்கலாம், காயம் ஏற்படலாம் என்றது மருத்துவமனை. அவர் தோற்றார். மற்ற இருவரில் ஒருவர் தன்பாலின ஜோடிகளின் இணைவைப் பதிவு செய்ய மறுத்த பதிவாளர். மற்றொருவர் அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாலியல் ஆலோசனை தரத் தயங்கிய ஆலோசகர். அவர்களும் தோற்றார்கள்.

தன் கழுத்தோடு நிற்கும் நம்பிக்கைக்கு நீதிமன்றம் இடம் கொடுத்தது. நோயாளியோ, கவுன்டருக்கு முன் நிற்பவரோ பாதிக்கப்படும் இடத்தில் தயங்கியது.

முதலாளியே விசுவாசியாக இருந்தால்?

அமெரிக்க உணவகச் சங்கிலியான சிக்-ஃபில்-ஏவுக்கு ஞாயிறு விடுமுறை. நிறுவனர் ட்ரூயெட் கேத்தி 1946-ல் திறந்த முதல் உணவகத்தில் தொடங்கிய வழக்கம் அது. உணவகங்களில் கூட்டம் அலைமோதும் வார இறுதியில் ஒரு நாள் வியாபாரத்தை விடுகிறார்கள். எந்த மதத்து ஊழியருக்கும் அன்று லீவு. விலையைக் கொடுப்பது பெரும்பாலும் நிறுவனம்தான்.

கைவினைப் பொருட்கள் விற்கும் ஹாபி லாபி நிறுவனமும் ஞாயிறு திறப்பதில்லை. அதே நிறுவனம்தான் 2014-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் சில வகைக் கருத்தடை முறைகளைச் சேர்ப்பது தங்கள் மனசாட்சிக்கு எதிரானது என்றார்கள் உரிமையாளர்கள். 5-க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். அந்தச் செலவை ஏற்க அரசுக்கு வேறு வழிகள் உண்டு, பெண்களுக்கு இழப்பு வராது என்றது பெரும்பான்மை. முதலாளியின் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாத பெண் ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று மறுத்து எழுதினார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

ஒரே கம்பெனி, ஒரே விசுவாசம். ஒரு முடிவில் பில் முதலாளிக்கு வந்தது. இன்னொன்றில் அது யாருக்குப் போகும் என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போகவில்லை.

கிறிஸ்தவ மரபு என்ன சொல்கிறது?

‘ஓய்வுநாள் என்றால் நான் ரெஸ்ட் எடுக்கும் நாள்’ என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். பத்துக் கட்டளைகளில் உள்ள ஓய்வுநாள் கட்டளையோ குடும்பத் தலைவரோடு நிற்கவில்லை. பிள்ளைகள், வேலைக்காரர்கள், கால்நடைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் என எல்லோரையும் சேர்க்கிறது. உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போய், எகிப்தில் அடிமையாக இருந்ததை மறக்காதே என்கிறது. நான் ஓய்வெடுக்க இன்னொருவர் இரட்டிப்பாக உழைக்க வேண்டும் என்றால், அந்தக் கட்டளையின் பாதிதான் நிறைவேறுகிறது.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊழியக்காரர் மட்டுமில்லை, கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்துவில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கி வேலை பார்த்தார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் உழைத்ததாகத் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார்.

6-ம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடப் பாத்திரங்களைப் போலவே மதிக்கச் சொல்கிறது. 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், இறை அழைப்பு என்பது குருவுக்கும் துறவிக்கும் மட்டும் சொந்தமில்லை, செருப்புத் தைப்பவருக்கும் கொல்லருக்கும் விவசாயிக்கும் உண்டு என்று வாதிட்டார். இந்தப் பார்வையில், ஞாயிறு ஆலயத்துக்குப் போவது எவ்வளவு முக்கியமோ, திங்கட்கிழமை கணக்கைத் தில்லுமுல்லு இல்லாமல் முடிப்பதும் அவ்வளவு முக்கியம்.

ஓய்வுநாளுக்கு விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. இயேசு ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கியதாகவும், அதற்காக விமர்சிக்கப்பட்டதாகவும் நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமையும் அவசரப் பிரிவு இயங்குகிறது. அங்கே யாரும் அதை ஓய்வுநாள் மீறலாகப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவின் ஞாயிறு விடுமுறைக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் போராட்டம் இருக்கிறது. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய பிரசாரத்துக்குப் பிறகு, 1890-ல் ஆலை முதலாளிகள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் என்பதும் லோகண்டே சொன்ன காரணங்களில் ஒன்று.

மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 25-வது பிரிவு தருகிறது. ஆனால் தனியார் நிறுவனம் ஊழியரின் மதத்துக்கு ஏற்ப ஷிஃப்ட் போட வேண்டும் என்று அமெரிக்காவைப் போலத் தனிச் சட்டம் இங்கே இல்லை. வார விடுமுறை உரிமை உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் ஐடி, பிபிஓ, டெலிவரி, மருத்துவமனை என எங்கே வேலை பார்த்தாலும் டீம் லீடரிடம் பேசித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

பேசுவது எப்படி?

* சேரும்போதே சொல்லுங்கள். ரோஸ்டர் போட்ட பிறகு ‘சண்டே வரமாட்டேன்’ என்றால் சிக்கல் பக்கத்து சீட்டுக்குப் போய்விடும்.
* எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். முழு நாளும் வேண்டுமா, காலை ஆராதனை நேரம் போதுமா? போதும் என்றால் மதிய ஷிஃப்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லலாம்.
* பதிலுக்கு ஒன்று கொடுங்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் அன்று நீங்கள் டூட்டி பார்த்தால், உங்கள் ஈஸ்டருக்கு ஆள் கிடைப்பார்.
* எழுத்தில் வையுங்கள். மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சு நிற்காது. ஒரு சிறிய மின்னஞ்சல் போதும்.
* மாற்றி நிற்பவரிடம் நேரில் கேளுங்கள். அவர் விரும்பி ஒத்துக்கொண்டாரா, மேலிருந்து வந்த உத்தரவுக்காகத் தலையாட்டினாரா என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது. அவருக்கும் வீடு இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது.