பெயிண்டைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க!

போன சித்திரையில் கோடை உழவுக்கு வண்டி கிடைக்காமல் பத்து நாள் அலைந்தேன். சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்குக் கரிசல் மானாவாரி. ஒரு மழை பெய்தால், பதம் இருக்கிற இரண்டு மூன்று நாளுக்குள் உழுதுவிட வேண்டும். அந்த நாளில் ஊரே வாடகை டிராக்டரைத் தேடும். என் முறை வந்தபோது நிலம் இறுகிப் போச்சு.

சொந்தமாகப் பழைய வண்டி ஒன்று வாங்கலாம் என்று அப்போதுதான் நினைத்தேன். வீட்டம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "உழவு மாட்டை மட்டும் விக்கக் கூடாது." நியாயம்தானே? சாணமும் கோமியமும் இல்லாமல் ஜீவாமிர்தத்துக்கு எங்கே போவது? உளுந்து விற்ற பணத்தை எடுத்து வைத்தேன்.

மாஸி பெர்குசன் 1035 மாதிரி வண்டி போதும் என்பது என் கணக்கு. 36 குதிரைத்திறன், எடை சுமார் 1,700 கிலோ. பெரிய வண்டி ஈரக் கரிசலில் ஏறினால் மண் அமுங்கும். மண்புழுவுக்கும் வேருக்கும் வழி அடைபடும். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி என்பதால் உதிரி பாகமும் நம்ம பக்கம் சுலபமாகக் கிடைக்கும்.

தரகர் ஒருவர் வண்டி காட்டினார். சிவப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. "அண்ணாச்சி, ஒரே கை ஓட்டுன வண்டி. இன்னைக்கே இருபதாயிரம் அட்வான்ஸ் குடுங்க, நாளைக்கு இருக்காது" என்றார். என் கை மடிக்குப் போய்விட்டது. கூட வந்த மெக்கானிக்தான், "பொறுங்கண்ணாச்சி, முதல்ல ஆர்.சி. புக்கைக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

டீசல் துணியால் எஞ்சின் பிளாக்கைத் துடைத்தார். எண் தெரிந்தது. ஆர்.சி.யில் இருந்த எஞ்சின் நம்பர் வேறு! அதே ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரும் ரத்தாகாமல் இருந்தது. அட்வான்ஸ் மடியிலேயே இருக்க, வீடு திரும்பினோம்.

அன்று கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நம்பர்: எஞ்சின், சேசிஸ் இரண்டு நம்பரையும் கண்ணால் பாருங்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்தைச் சுற்றிக் கிரைண்டர் தடமோ, பழைய வண்டியில் புதுத் தகடோ இருந்தால் விலகிவிடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் பணமும் போகும், ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

வயது: "மாடல்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். தயாரித்த ஆண்டையும் பதிவு செய்த தேதியையும் ஆர்.சி.யில் பாருங்கள். 'டிஎன் 72' போல மாவட்ட எண்ணோடு வரும் முறை 1989இல்தான் வந்தது. அதற்கும் முந்தைய வண்டி என்று சொல்லி அப்படி எண் இருந்தால், எப்படி வந்தது என்று கேளுங்கள்.

காகிதம்: 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவு புதுப்பித்திருக்கிறதா? கடன் இருந்தால், அடைத்ததற்குக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். பழைய வண்டி அதில் வராவிட்டால் பதிவான போக்குவரத்து அலுவலகத்துக்கே நேரில் போய்விடுங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

எஞ்சின்: போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, போரும் ரிங்கும் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் உள்ளே கசிவு. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

வயலில்: கலப்பையை மாட்டித் தூக்குங்கள். தூக்கிய கலப்பை தானே சீக்கிரம் இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கிங்பின் தேய்மானம் கையிலேயே தெரியும். எல்லா கியரிலும் ஓட்டுங்கள். பின் டயர் விலையைத் தனியாக விசாரித்து விலையில் கழியுங்கள்.

ஆடியில் ஒரு வண்டி வாங்கினேன். பெயிண்ட் உதிர்ந்த வண்டி, ஆயில் சீலும் கசிந்தது. ஆனால் இரண்டு நம்பரும் பிசகில்லாமல் இருந்தன. கசிவை விற்றவரே சொல்லி விலையைக் குறைத்தார். பெயர் மாற்றியாச்சு. புரட்டாசி விதைப்புக்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை.

களை எடுக்க இடை உழவு இன்றும் மாட்டில்தான். தொழுவம் காலியாகவில்லை, வீட்டம்மாவின் கண்டிஷனும் மீறப்படவில்லை.