பத்தாயிரத்தில் ஆறாயிரம்

அக்டோபர் 27 அன்று காளையார்கோவிலில் மருது பாண்டியர் குருபூஜை. பல மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். காலையில் முழுச் சார்ஜோடு கிளம்பிய போன் மதியத்துக்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஓயாமல் வீடியோ எடுப்பது ஒரு காரணம். சிக்னல் பலவீனமான இடங்களில் போன் கூடுதல் சக்தியைச் செலவழித்து டவரைத் தேடிக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம். அந்த நேரத்தில் பையில் பவர் பேங்க் வைத்திருப்பவருக்குத் தனி மரியாதைதான்.

அந்தப் பெட்டியின் மேல் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். போனின் பேட்டரி 5,000 எம்ஏஎச். அப்படியானால் இரண்டு தடவை முழுசாக ஏற்றலாம் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஏற்றிப் பார்த்தால் ஒன்றரை தடவைக்கே பெட்டி கையை விரித்துவிடும். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும்: 5 வோல்ட்டில் சுமார் 6,000 எம்ஏஎச். இரண்டு எண்ணும் உண்மைதான். மீதி நாலாயிரம் எங்கே போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எம்ஏஎச் என்பது எவ்வளவு மின்னூட்டம் நகரும் என்பதற்கான அளவு. அது எவ்வளவு வேலை செய்யும் என்று தெரிய வேண்டுமானால் வோல்ட்டால் பெருக்க வேண்டும். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட். 10,000 மில்லி ஆம்பியர் அவர், அதாவது 10 ஆம்பியர் அவர், அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் அவர். பெட்டியின் உண்மையான இருப்பு இந்த 37 தான்.

இதே ஆற்றலை உணவுக் கலோரியில் சொன்னால் சுமார் 32. ஒரு நடுத்தர இட்லி தரும் ஆற்றல்கூட இல்லை. ஆனால் அதை ஒரு துளி வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தால், 60 கிலோ எடையுள்ள ஆளை 220 மீட்டருக்கு மேல் தூக்கிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல மூன்று மடங்கு உயரம். கரண்டு பில்லில் பார்த்தாலோ, ஒரே யூனிட்டில் இந்தப் பெட்டியை இருபது தடவைக்கு மேல் நிரப்பலாம்.

அந்த 3.7 எங்கிருந்து வந்தது? டார்ச் லைட்டில் போடும் கட்டை பேட்டரி 1.5 வோல்ட். கார் பேட்டரிக்குள் இருக்கும் ஈய செல் ஒவ்வொன்றும் 2 வோல்ட். லித்தியம்தான் உலோகங்களிலேயே லேசானது. எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் துடிப்பதிலும் அதுவே முன்னணி. அதனால்தான் ஒரே செல்லில் இவ்வளவு அழுத்தம். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையில் போய் லித்தியம் அயனிகள் உட்கார்ந்துகொள்வதுதான் சார்ஜ் ஏறுவது. அங்கிருந்து கிளம்பி எதிர்ப்பக்கத்து ஆக்சைடு அடுக்குகளுக்குத் திரும்பினால் சார்ஜ் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். 1991-இல் சோனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த வித்தைக்கு மின்வேதியியல் என்று பெயர். அதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், காளையார்கோவில் இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தலைநகரங்களைத் தேடிப் போகும் ஆய்வகம் ஒன்று செட்டிநாட்டுப் பொட்டலுக்கு வந்தது அழகப்பரின் கைக்காசால்தான். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘சிக்ரி’. லித்தியம் அயனி செல்லை உள்நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கி, 2018-இல் ஒரு சோலார் கம்பெனிக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டதும் இதே சிக்ரிதான். ஆனாலும் நம் கடைகளில் தொங்கும் பவர் பேங்குகளின் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதிச் செல். எழுபது ஆண்டுக்கு மேலாக ஆய்வகம் இருக்கும் ஊரில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

காணாமல் போன நாலாயிரத்துக்கு வருவோம். 1996-இல் யுஎஸ்பி வந்தபோது கம்ப்யூட்டர் சில்லுகள் பல 5 வோல்ட்டில் ஓடின. அதனால் கேபிளுக்கும் 5 வோல்ட் என்று வைத்தார்கள். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை. செல்லில் இருப்பதோ 3.7. ஆகவே பவர் பேங்குக்குள் ஒரு சின்ன மின்சுற்று, சுருள் ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல லட்சம் தடவை விட்டு விட்டு நிறுத்தி, அழுத்தத்தை 5-க்கு ஏற்றுகிறது. வேகச் சார்ஜிங் என்றால் 9-க்கும் மேலேயும் போகும். அழுத்தம் ஏறினால் ஆம்பியர் இறங்கும்: 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 எம்ஏஎச். ஏற்றும் வேலையில் கொஞ்சம் சூடாகப் போய்விட, கேபிளின் வாசலில் நிற்பது ஆறாயிரத்துச் சொச்சம். அதற்குப் பிறகு போன் என்ன செய்கிறது? தன் செல்லுக்காக அதைத் திரும்பவும் நாலு வோல்ட்டுக்குப் பக்கமாக இறக்குகிறது! ஏற்றி இறக்கும் இந்தக் கூத்தில் இரண்டு முனையிலும் சேதாரம். வயர் இல்லாமல் மேலே வைத்து ஏற்றும் ரகத்தில் சேதாரம் இன்னும் கூடுதல்.

இவ்வளவும் நேர்மையான பெட்டியின் கதை. பொருட்காட்சிகளிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் நானூறு ரூபாய்க்கு ‘50,000 எம்ஏஎச்’ விற்பார்கள். அதன் பொய்யைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கையில் தூக்கினால் போதும். இன்றைய நல்ல லித்தியம் செல் கிலோவுக்கு 250 வாட் அவருக்குப் பக்கமாகத் தரும். 50,000 என்றால் 185 வாட் அவர். செல்லின் எடை மட்டுமே முக்கால் கிலோ வர வேண்டும். 10,000-க்கு 150 கிராமாவது செல் இருந்தாக வேண்டும். கூடும் பலகையும் சேர்ந்தால் 200 கிராமைத் தொடும். கைக்கு லேசாக இருந்தால் எண் பொய். கனமாக இருப்பதெல்லாம் உண்மை என்றும் இல்லை, உள்ளே இரும்புத் துண்டு வைக்கவும் ஆட்கள் உண்டு. அதனால் ஐஎஸ் 13252 முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று காட்டும்.

அடுத்தது வெயில். இதில்தான் நம் ஊருக்குத் தனிக் கவனம் தேவை. லித்தியம் செல்லைச் சார்ஜ் ஏற்றலாம் என்று பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 45 டிகிரி வரை. சித்திரை வெயிலில் பைக்கின் டேங்க் கவருக்குள் போனையும் பவர் பேங்கையும் ஒன்றாகத் திணித்து ஏற்றிக்கொண்டு தொண்டி ரோட்டில் போனால் அந்த வரம்பைச் சீக்கிரம் தாண்டிவிடும். மூடிய காரின் கண்ணாடிக்குக் கீழே இன்னும் மோசம். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் உள்ளிருக்கும் திரவம் மின்முனைகளோடு வினைபுரிந்து செல்லை வேகமாகக் கிழடாக்குகிறது. மாதக்கணக்கில் பீரோவில் வைப்பதானால் பாதிச் சார்ஜோடு வைப்பதே நல்லது. உப்பிய பெட்டியை அதன்பிறகு சார்ஜில் போடவே கூடாது. உள்ளே வாயு கட்டியிருக்கிறது என்று அர்த்தம்; குத்திப் பார்ப்பது தீயை அழைப்பது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழசைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வரும் குடும்பங்கள் செட்டிநாட்டில் ஏராளம். விமானத்தில் அவர்களுக்கும் அதே வாட் அவர்தான் கணக்கு. 100-க்குள் இருந்தால் கைப்பையில் கொண்டு போகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் முடியாது. 27,000 எம்ஏஎச் என்பது 99.9 வாட் அவர். கடைகளில் 26,800 என்று விசித்திரமான எண்ணில் பெட்டி கிடைப்பதன் ரகசியம் இதுதான். சரக்கறைக்குப் போகும் சூட்கேஸுக்குள் எந்த அளவு பவர் பேங்கையும் வைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே எரிந்தது. பவர் பேங்கிலிருந்து தீ பிடித்திருக்கலாம் என்றது விசாரணை. அதே ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டது. திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். பின்பக்கத்தில் வாட் அவர் அச்சிடாத பெட்டியை, அச்சு அழிந்துபோன பெட்டியைக்கூட, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.