பகுதிக்குப் போகும் கெழு

எலும்பு ஸ்கேனுக்குப் போகிறவர் கையில் டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால், சமன்பாட்டின்படி அது பூச்சியத்தைத் தொடவே தொடாது. அப்படியானால் மொத்தம் எத்தனை அணுக்கருக்கள் சிதையும்?

விடை மேல்நிலைப் பள்ளித் தொகை நுண்கணிதத்திலேயே இருக்கிறது. 2.71828 எனத் தொடங்கும் ஆய்லர் எண்ணை அடிமானமாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டாலும் அதுவே வரும். தொகையிட்டாலும் மாறிலி நீங்கலாக அதுவே வரும். அடுக்கில் வெறும் எக்ஸ் இல்லாமல் 3 எக்ஸ் இருந்தால்? வகையிடும்போது சங்கிலி விதிப்படி 3 முன்னால் வந்து பெருக்கும். தொகையிடல் அதற்கு நேர்மாறு என்பதால் 3 என்ற கெழு பகுதிக்குப் போய் வகுக்கும். வளைவரையை வரைந்து பார்த்தாலும் இது புரியும்: உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது; பரப்பும் அதே அளவுக்குக் குறைகிறது.

சிதைவில் கெழுவுக்கு எதிர்க்குறி; அதன் அளவே சிதைவு மாறிலி. பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் மேல் எல்லையில் எதுவும் மிஞ்சாது. தொடக்க வேகத்தைச் சிதைவு மாறிலியால் வகுத்தால் மொத்தம் கிடைத்துவிடும். டெக்னீசியத்துக்கு அந்த மாறிலி 0.693-ஐ 6-ஆல் வகுத்தது, அதாவது மணிக்கு 0.1155. அதன் தலைகீழி 8.66 மணி நேரம். இதுவே சராசரி ஆயுட்காலம். தொடக்க வேகம் குறையாமல் 8.66 மணி நேரம் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால் வரும் மொத்தமும் முடிவிலி வரை தொகையிட்ட மொத்தமும் ஒன்றே. ஊசியில் நொடிக்கு 60 கோடி சிதைவுகள் இருந்தால், மொத்தம் ஏறத்தாழ 19 லட்சம் கோடி.

அத்தனையும் உடலுக்குள்ளேயே நடப்பதில்லை. எலும்பில் ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேறுகிறது. சிதைவும் வெளியேற்றமும் சேர்ந்து நடக்கும்போது இரண்டு அடுக்குக்குறிச் சார்புகள் பெருக்கப்படுகின்றன, அடுக்குகள் கூட்டப்படுகின்றன. அந்த மருந்து சிறுநீரில் வெளியேறிப் பாதியாக 6 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், கெழு இரட்டிப்பாகிறது. அந்த மருந்து உடலுக்குத் தரும் கதிர்வீச்சு பாதியாகிறது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள்" என்று ஸ்கேன் மையத்தில் சொல்லி அனுப்புவது பகுதியில் இருக்கும் அந்த எண்ணைப் பெரிதாக்கத்தான்.