உங்களுக்குத் தெரியுமா? வடசென்னையின் கேரம் ராணிகள்

★ 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பையில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், அணி ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வாங்கித் திரும்பியவர் காசிமா. அப்போது வயது 17. ஊர், புதுவண்ணாரப்பேட்டை. அப்பா ஆட்டோ ஓட்டுநர். மகளுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். செரியன் நகரில் அவர் நடத்தும் கேரம் பயிற்சி மையத்தில் ஆடிப் பழகிய கைதான் மூன்று தங்கம் வாங்கியது. தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. உடன் ஆடிய தமிழ்நாட்டு வீராங்கனைகள் மித்ராவுக்கும் நாகஜோதிக்கும் தலா 50 லட்சம்.

★ காசிமாவுக்கு 16 வருடம் முன்பே இதே வடசென்னைக்கு உலகப் பட்டம் வந்துவிட்டது. வியாசர்பாடி இளவழகி, 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் மகளிர் உலகச் சாம்பியன் ஆனார். கான் என்றால் நமக்குச் சினிமா விழாதான் ஞாபகம் வரும். சிவப்புக் கம்பளத்தில் யார் நடந்தார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறோம், இளவழகியைத் தெரியாது.

★ சர்வதேச கேரம் கூட்டமைப்பு பிறந்த ஊர் சென்னை. ஆண்டு 1988.

★ ஸ்நூக்கருக்கும் நம் மாநிலத்தோடு பழைய உறவு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மத்தியில் உருவான அந்த ஆட்டத்துக்கு, 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள். 2025 நவம்பரில் தோகாவில் நடந்த மகளிர் உலக ஸ்நூக்கர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று வீழ்த்திப் பட்டம் வென்றவர் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன்.

★ அப்படியானால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஏன் ஸ்நூக்கர் இல்லை, கேரம் மட்டும்? மேசையைப் பாருங்கள். ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம், கற்பலகை வைத்தது, ஒரு டன்னுக்கு மேல் எடை. சுற்றி நடந்து அடிக்கவும் இடம் வேண்டும். மேசையே நம்ம ஒண்டுக்குடித்தன அறையை விடப் பெரிது! கேரம் போர்டின் ஆடுபரப்போ 74 சென்டிமீட்டர் சதுரம். ஆடி முடித்தால் சுவரில் சாய்த்துவிடலாம். நான்கு பேர் சேர்ந்து காசு போட்டால் ஒரு போர்டு, ஒரு டப்பா போரிக் பவுடர்; சந்து முனையில் கிளப் தயார்.

★ கேரமில் சிவப்புக் காயான ரெட்டுக்கு 50 என்பது தெருக் கணக்கு. போட்டியில் அதற்கு 3 புள்ளிதான். ஒரு கேம் 25 புள்ளி. 22-ஐத் தொட்டுவிட்டால் ரெட்டைப் போட்டாலும் புள்ளி சேராது. முதல் அடி அடித்தவர், எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே மூச்சில் போட்டு முடித்தால் அது ‘ஒயிட் ஸ்லாம்’. எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே 12 புள்ளி போய்விடும். இதில் கைவலிமைக்கு வேலை குறைவு. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்து எட்டி அடிக்கவும் கூடாது. உயரமோ உடற்கட்டோ இங்கே உதவாது.

★ 2018-ல் வந்த ‘வடசென்னை’ படத்தில் தனுஷ் ஏற்ற அன்பு, கேரம் ஆட்டக்காரன். படம் நல்ல படம்தான். ஆனால் போர்டுக்குப் பின்னால் கத்தி இருக்கும் என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு, இளவழகி, காசிமா கதைகளும் அதே மண்ணின் கதைகள்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

★ கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய முதல் ஆள் சென்னையின் மரிய இருதயம். 1991, 1995 என இருமுறை உலகச் சாம்பியன், விருது 1996-ல். ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டிலோ கேரம் இல்லாததால், உலகப் பட்டம் வாங்கினாலும் பலருக்கு அது ‘பொழுதுபோக்கு’தான். இந்தப் பார்வை தவறு என்பது என் கட்சி.

★ பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீட்டுப் பெண் ரெட்டைப் போட்டு, அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டுவிட்டால், ‘படிக்கிற வேலையைப் பாரு’ என்று போர்டை எடுத்துப் பரணில் போடாதீர்கள். பக்கத்துக் கேரம் கிளப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்று ஒருமுறை விசாரியுங்கள்.