கழுத்தில் ஒரு சுரப்பி. மூளையில் ஒரு புகை!

பழவேற்காடு ஏரிக்கு உயிர் அதன் முகத்துவாரம். அந்த வழியாகத்தான் கடல் நீர் உள்ளே வருகிறது. இறாலும் மீன் குஞ்சும் வருகின்றன. சில சமயம் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி அந்த வாயையே அடைத்து விடும். ஏரியில் நீர் குறையும். படகு தரை தட்டும். வலை வெறுமனே திரும்பும். குப்பத்து மீனவர்கள் தாங்களே மணலைத் தோண்டி வழி திறந்ததும் உண்டு.

மனிதனின் மூளைக்கும் இப்படி ஒரு முகத்துவாரம் இருக்கிறது. அதுவும் அடைபடும். அதற்குக் கழுத்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு சுரப்பி துணை போகிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

இருபது கிராம் சுரப்பி

அந்தச் சுரப்பிக்குப் பெயர் தைராய்டு. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் அமர்ந்திருக்கும். எடை ஏறத்தாழ 20 கிராம். உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். அளவோடு சுரந்தால் தொல்லை இல்லை. மீறிச் சுரந்தால்?

ஏரிக்கரையில் இறால் ஆயும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வேளை தவறாமல் சாப்பிடுகிறாள்; ஆனால் இளைத்துக்கொண்டே போகிறாள். மார்பு படபடக்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது. இறாலை உரிக்கும் விரல்கள் நடுங்குகின்றன. தொட்டதற்கெல்லாம் கோபம், ராத்திரி தூக்கமில்லை. கண்கள் பிதுங்கினாற்போல் தெரிகின்றன. “என்னக்கா, யாரைப் பார்த்து இப்படிப் பயந்துபோனே?” என்று அண்டை வீட்டார் கேட்பார்கள். ‘காற்று கருப்பு’ என்று தாயத்தும் கட்டிவிடுவார்கள்.

இந்த நோயை 1835-ல் அயர்லாந்து டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள்களே சுரப்பியை ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று விரட்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். உப்பில் அயோடின் குறைவதால் வரும் கழுத்துக் கழலை வேறு, இது வேறு. மீனும் இறாலும் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும்.

மோயாமோயா

உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்று விடுகிறது! அதற்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களில் இரண்டு, கழுத்தின் இரு பக்கமும் மேலேறி மண்டைக்குள் கிளை பிரிகின்றன. கிளை பிரியும் அந்த முனை சிலருக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறுகி விடுகிறது. அதுதான் முகத்துவாரம் அடைபடுவது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் நூல் நூலாகப் புதிய வாய்க்கால்கள் வெட்டிக்கொள்கிறது. எக்ஸ்ரே படத்தில் அவை சிகரெட் புகை சுருண்டதுபோல் தெரியும். ஜப்பானிய நிபுணர்களான சுசூகியும் டகாகுவும் 1969-ல் இதற்கு ‘மோயாமோயா’ என்று பெயரிட்டார்கள். புகைமூட்டம்போல் மங்கலானது என்று அர்த்தம். ஜப்பான், கொரியா நாடுகளில் இது அதிகம்; நம் நாட்டிலும் உண்டு.

கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களில் மிகச் சிலருக்கு இந்த அடைப்பும் சேர்ந்தே இருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். சுரப்பியைத் தூண்டும் அதே கோளாறு ரத்தக் குழாயின் சுவரையும் தடிக்கச் செய்கிறது என்பது ஒரு கருத்து. மிகுதியான சுரப்பு நரம்புகளை முடுக்கிக் குழாயை வாட்டுகிறது என்பது இன்னொன்று. எப்படியானாலும் விளைவு ஒன்றே: அடுப்பு வேகமாக எரிகிறது, விறகு வரும் வழியோ குறுகிவிட்டது. சுரப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் இவர்களில் பலரைப் பக்கவாதம் தாக்குகிறது.

இரண்டு நிமிஷ மரப்பு

அது பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. கை திடீரென மரத்துப்போகும், கூடை நழுவும், பேச்சு குழறும். சில நிமிஷங்களில் எல்லாம் சரியாகி விடும். ‘பித்தம்’ என்று சொல்லி மறுபடி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து!

மூச்சை வேகமாக இழுத்து விட்டாலும் மூளைக் குழாய்கள் சுருங்கும். ஜப்பானில் சூடான சேமியாவை ஊதிச் சாப்பிடும் குழந்தைகளுக்கும், தேம்பி அழும் குழந்தைகளுக்கும் கை கால் சோர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஊதுகுழலால் அடுப்பு ஊதும் நம் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

இரண்டு டாக்டர்களிடம் இரண்டு கதைகளைப் பிரித்துச் சொன்னால் முடிச்சு அவிழாது. படபடப்பை ஒருவரிடமும், கை மரத்ததை இன்னொருவரிடமும் சொல்கிறார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சென்னை ஸ்டான்லிக்குப் போனாலும் சரி, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சுரப்பியின் நிலையைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். மூளைக் குழாயைப் பார்க்க ஸ்கேன் தேவை.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் கார்பிமசோல் போன்ற மாத்திரைகளால் சுரப்பியை அடக்குகிறார்கள். சிலருக்கு இதனாலேயே அடைப்பு மேலும் முற்றாமல் நின்றிருக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அபூர்வமாக ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையக்கூடும்.

பிறகும் தேவைப்பட்டால்தான் ஆபரேஷன். நெற்றிப் பொட்டின் தோலடியில் ஓடும் ரத்தக் குழாயை எடுத்து, மண்டையைத் திறந்து, மூளைக் குழாயோடு தைத்து விடுகிறார்கள். 1967-ல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் யாசார்கில் முதன்முதலாகச் செய்த தையல் இது. இன்று திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா போன்ற இடங்களில் நம் நாட்டிலேயே மோயாமோயாவுக்கு ஆபரேஷன் நடக்கிறது. ஆனால் சுரப்பி அடங்காதவரை, அவசரம் இல்லையென்றால், டாக்டர்கள் கத்தியைத் தொடத் தயங்குவார்கள். அடங்கச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும்.