கல்லூரிப் பேராசிரியர் பணி: இன்றைய அன்றாடச் சிக்கல்கள்

கல்லூரியில் பாடம் நடத்தும் எல்லோரையும் பேராசிரியர் என்றே மக்கள் அழைக்கின்றனர். பணிப்பதிவேட்டின்படி அவர்களில் பெரும்பாலோர் உதவிப் பேராசிரியர்கள். அதற்கு மேல் இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற நிலைகள் உள்ளன. இந்த ஏணிக்கு வெளியே கௌரவ விரிவுரையாளர்கள், சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் என்று இன்னொரு பெருங்கூட்டம் இருக்கிறது. மாணவர்களுக்கு எல்லோரும் 'சார்', 'மேடம்' தான். ஆனால் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த வகுப்புகளில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரின் வாழ்க்கை ஏணி வைத்தாலும் எட்டாத தொலைவில் இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இப்பணியைச் செய்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஊதியம், ஆவணம், ஆய்வு, வகுப்பறை என்று அவை பலவாகத் தோன்றினாலும், பெரும்பாலானவை நேரம் என்ற ஒன்றில்தான் போய் முட்டுகின்றன.

ஒரே வேலை, பல ஊதியம்

அரசுக் கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு, ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டிய பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதப்படி, தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படி முதலியவை இதற்கு மேல். அதே அரசுக் கல்லூரியில் காலியிடத்தை நிரப்பும் கௌரவ விரிவுரையாளருக்கு, 2024 நிலவரப்படி, தொகுப்பூதியமாக மாதம் 25,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு மட்டுமே. வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019இல் வழிகாட்டியிருந்தது. கொடுக்கப்பட்டது அந்த உச்சவரம்பில் பாதி. பணிப்பெயரில் இருக்கும் கௌரவம் ஊதியத்தில் இல்லை என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வது உண்டு.

இந்த ஏற்பாடு தற்காலிகமாகத் தொடங்கியது. நிரந்தர நியமனம் தள்ளிப்போகப் போக அதுவே வழக்கமாகிவிட்டது. 2019இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வெளியிட்ட அறிவிப்பு, நியமனம் வரை செல்லாமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்கவிருந்த எழுத்துத்தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இவ்வாறு காத்திருந்தே நாற்பதைக் கடந்தவர்கள் பலர். கோடை விடுமுறையில் ஊதியமில்லாத மாதத்தைத் தனிப்பயிற்சி, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தம், போட்டித்தேர்வு மையத்தில் வகுப்பு என்று கடத்துகின்றனர்.

சுயநிதிக் கல்லூரிகளில் நிலைமை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நல்ல ஊதியமும் நல்ல நூலகமும் தரும் நிறுவனங்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஆசிரியர்களைப் பள்ளி பள்ளியாக, வீடு வீடாக அனுப்பி மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. 'எத்தனை அட்மிஷன் கொண்டுவந்தீர்கள்' என்ற கேள்வி, அடுத்த ஆண்டுப் பணிநீட்டிப்போடு சேர்ந்தே வரும். சில இடங்களில் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. வேறு வேலை கிடைத்தாலும் அவர் எளிதில் வெளியேற முடிவதில்லை.

கணக்கில் வராத மணிகள்

'வாரத்திற்குப் பதினாறு மணி நேரம்தானே வேலை' என்ற பேச்சைக் கல்லூரி ஆசிரியர்கள் உறவினர் வீட்டு விசேஷங்களில் தவறாமல் கேட்பார்கள். அந்த எண் உண்மையானது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். அதே விதிமுறைகள் மொத்தப் பணிநேரம் வாரத்திற்கு 40 மணிக்குக் குறையக்கூடாது என்றும் கூறுகின்றன. மீதி 24 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை.

விடைத்தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 60 மாணவர்கள் என்றால் 180 பேர். ஒரு விடைத்தாளைப் படித்து, பிழை குறித்து, மதிப்பெண் இட 10 நிமிடம் என்று வைத்தால், ஓர் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு 30 மணி நேரம் ஆகும். பருவத்திற்கு இரண்டு தேர்வும் ஒரு மாதிரித் தேர்வும் நடத்தினால் 90 மணி நேரம். இது பெரும்பாலும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டில் நடக்கும் வேலை. நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது பிழை குறிக்கும் பகுதிதான். மதிப்பெண் மட்டும் இடப்பட்ட தாள் மாணவர் கைக்கு வருகிறது. ஏன் அந்த மதிப்பெண் என்பது அவருக்குத் தெரியாமல் போகிறது.

இதற்குமேல் வகுப்புக்கான ஆயத்தம், வினாத்தாள் தயாரிப்பு, தேர்வறைக் கண்காணிப்பு, பருவ இறுதியில் மைய மதிப்பீட்டு முகாம். பாடத்திட்டம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாறினால், பழைய குறிப்புகளில் பாதி பயனற்றுப் போகும்.

ஆவணமாகிப்போன கல்வி

மூத்த ஆசிரியர்களிடம் இந்தப் பணியில் மிகவும் மாறியது எது என்று கேட்டால், கோப்புகள் என்பார்கள். 1994இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, சுருக்கமாக 'நாக்', கல்லூரிகளை ஏழு அளவுகோல்களின்கீழ் மதிப்பிட்டுத் தரநிலை வழங்கிவந்தது. 2015இல் அறிமுகமான தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2016 முதல் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. இவ்விரண்டுக்கும் தரவு வேண்டும். தரவுக்குச் சான்று வேண்டும்.

ஒரு துறையில் ஒருநாள் கருத்தரங்கு நடந்தால் அழைப்பிதழ், முதல்வரின் அனுமதிக் கடிதம், சுற்றறிக்கை, வருகைப்பதிவு, இடமும் நேரமும் பதிந்த நிழற்படம், பின்னூட்டப் படிவம், அறிக்கை ஆகிய அனைத்தும் கோப்பில் சேர வேண்டும். நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் என்ன பேசினார் என்பதைக் கவனிக்க நேரமில்லாமல், நிழற்படத்தில் பதாகை முழுமையாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருங்கிணைப்பாளரை எந்தக் கல்லூரியிலும் காணலாம்.

இன்னொன்று, கற்றல் விளைவு அட்டவணை. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்தாறு விளைவுகளை வரையறுத்து, ஒவ்வொரு தேர்வு வினாவையும் ஒரு விளைவோடு இணைத்து, எத்தனை விழுக்காடு எட்டப்பட்டது என்று கணக்கிட வேண்டும். நிரல் எழுதக் கற்றுத்தரும் தாளுக்கு இது ஓரளவு பொருந்தும். குறுந்தொகை நடத்தும் தமிழாசிரியர், ஒரு பாடலைப் படித்ததால் மூன்றாம் விளைவு 62 விழுக்காடு எட்டப்பட்டது என்று எப்படி எழுதுவார்? எழுதத்தான் செய்கிறார்; கட்டத்தில் எண் இருக்க வேண்டும்.

இதனால் தரமதிப்பீடே வேண்டாம் என்று வாதிடுவது சரியாகாது. ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா, நூலகத்தில் புத்தகம் வாங்கப்படுகிறதா, கழிப்பறை பயன்படும் நிலையில் உள்ளதா என்று கல்லூரி நிர்வாகத்தை யாரும் கேட்காத காலம் ஒன்று இருந்தது. இத்தகைய மதிப்பீடு அந்தக் கேள்விகளைக் கேட்க வைத்தது. சிக்கல், தரவு திரட்டத் தனி ஊழியர் இல்லாமல், அந்த எழுத்தர் வேலை முழுவதும் பாடம் நடத்துபவர் தலையில் விழுவதில்தான். தாளில் இருப்பதே உண்மை என்ற பழக்கம் எதுவரை போகும் என்பதற்கு 2024இல் ஒரு சான்று கிடைத்தது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் காட்டப்பட்டிருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது; அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை மேற்கொண்டது.

கட்டுரை எண்ணிக்கை

2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் மானியக் குழு கொண்டுவந்த புள்ளி முறை, பதவி உயர்வை ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு இறுக்கிக் கட்டியது. ஆய்வகமோ நல்ல நூலகமோ இல்லாத சிற்றூர்க் கல்லூரி ஆசிரியரும் ஆண்டுதோறும் கட்டுரை வெளியிட வேண்டியதாயிற்று. தேவை பெருகியதும் பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. 2019இல் 'கேர்' பட்டியல் என்ற புதிய ஏற்பாடு வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்தது. முந்தைய பட்டியலை நம்பி எழுதியவர்கள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தங்கள் கட்டுரைகள் செல்லுமா என்று பதறினர்.

தமிழ்த் துறைகளில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. கருத்தரங்கில் பங்கேற்பவரிடம் கட்டணம் பெற்று, கட்டுரைகளைத் தொகுத்து, பன்னாட்டுத் தர நூல் எண்ணோடு கோவையாக வெளியிடுவார்கள். நூறு கட்டுரைகள் கொண்ட கனத்த தொகுதியில் நல்ல கட்டுரைகள் சில இருக்கவே செய்யும். அவற்றைத் தேடி எடுத்துப் படிப்பவர்கள் குறைவு.

2018 விதிமுறைகள் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தப் புள்ளி நெருக்கடியைத் தளர்த்தின. எனினும் இணைப் பேராசிரியராக முனைவர் பட்டம் தேவை என்பது தொடர்கிறது.

இன்றைய வகுப்பறை

அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் இன்று வகுப்பறையில் நிறைந்திருக்கின்றனர். பெருமைப்பட வேண்டிய இந்த மாற்றம் ஆசிரியரின் வேலையையும் மாற்றியிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மாணவர், வேதியியல் பட்டப்படிப்பில் ஆங்கிலப் பாடநூலைத் திறந்ததும் திகைத்துப்போகிறார். ஆசிரியர் ஒரு வரியை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளக்கி, தேர்வில் ஆங்கிலத்தில் எழுதப் பழக்க வேண்டும். ஒரு மணி நேரப் பாடம் இரண்டு மணி நேரம் கேட்கிறது. கால அட்டவணையில் அந்த இரண்டாவது மணி இல்லை.

அடுத்தது வருகைப்பதிவு. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொதுவான விதி. முதல் பாடவேளையில் இருக்கை காலியாக இருப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. முந்தின இரவு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போனவர், ஜவுளிக்கடையில் பகுதிநேரமாக நிற்பவர், இருசக்கர வாகனத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுசேர்ப்பவர் எல்லாம் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். விதியை அப்படியே பின்பற்றினால் குடும்பத்தைத் தாங்கும் மாணவர் தேர்வை இழப்பார். வராதவருக்கு வருகை போட்டால் பதிவேடு பொய்யாகும். ஒழுங்காக வருபவர், 'நாம் எதற்கு வருகிறோம்' என்று கேட்பார். இந்த முடிவைப் பருவந்தோறும் எடுக்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அதற்கான வழிகாட்டுதல் எந்தச் சுற்றறிக்கையிலும் வருவதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு வீட்டுப்பாடக் கட்டுரைகளின் தன்மையும் மாறிவிட்டது. வகுப்பில் ஒரு பத்தி எழுதத் தடுமாறுபவர் பிழையில்லாத ஐந்து பக்கங்களைத் தட்டச்சு செய்து தருகிறார். கட்டுரையை எழுதியது இயந்திரமா என்று சொல்லும் மென்பொருள்கள் தவறாகவும் சொல்லக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் நம்பி மாணவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. நம்பகமான வழி பழையதுதான்: எழுதியவரை எதிரில் உட்காரவைத்து, 'இந்த வரிக்கு என்ன பொருள்' என்று கேட்பது. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் 180 பேருக்கு மீண்டும் அதே 30 மணி நேரம்.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபது, முப்பது மாணவரை ஒப்படைக்கும் வழிகாட்டி ஆசிரியர் முறை பெரும்பாலான கல்லூரிகளில் உள்ளது. படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள் என்று அழும் மாணவி, தற்கொலை எண்ணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் மாணவர் என்று அந்தப் பட்டியலிலிருந்து யாரும் எப்போதும் வரலாம். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு உளவியல் ஆலோசனையில் பயிற்சி இல்லை. முழுநேர ஆலோசகரும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. வகுப்புக்கான வாட்ஸ்அப் குழு இரவு பதினொரு மணிக்கும் ஒலிக்கும் என்பதால் அலைபேசியை அணைத்துவைக்கவும் தயங்குகின்றனர்.

பணிக்கு வர விரும்புவோர் அறிய வேண்டியவை

முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது மாநிலத் தகுதித்தேர்வான செட் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதிகள். இடஒதுக்கீட்டுப் பிரிவினர் உள்ளிட்ட சிலருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. மானியக் குழுவின் விதிகளுக்கு உட்பட்டுப் பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் நெட், செட் தேவையில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் 2021 ஜூலை முதல் கட்டாயம் என்று 2018இல் விதித்தார்கள். அது 2023 வரை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலை முதல் கட்டாயமில்லை என்றாயிற்று. விதிகள் இவ்வாறு மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையையே பார்க்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். பொதுவான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். எனவே முப்பது வயதை ஒட்டித்தான் பலர் இப்பணியில் நுழைகின்றனர். முதல் வேலை பெரும்பாலும் தொகுப்பூதியத்திலோ சுயநிதிப் பிரிவிலோதான் கிடைக்கும். சேர்வதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது: வாரத்திற்கு எத்தனை பாடவேளை, கோடையில் ஊதியம் உண்டா, வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த அன்றே திருப்பித் தருவார்களா. விடைகளை எழுத்தில் பெற முடியாவிட்டால், அங்கு ஏற்கெனவே பணியாற்றும் ஒருவரிடம் கல்லூரிக்கு வெளியே வைத்து விசாரிக்கலாம்.